போட்டாவுக்கு ஏது வாசம்?

ஏங்கண்ணு, வெடியக்காலம் அஞ்சரை மணிக்கு வாசல்ல காருக்கடியில இருந்து ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டுக் கெடக்குது. எவனோ ராத்திரி போட்ட சரக்குல இங்க வந்து வுழுந்துட்டான்னு தடியத் தூக்கிக்கிட்டு வந்தேன். நல்லவேளை, ஓங்கறதுக்கு முன்னால பாதத்தைப் பார்த்தேன். வெடிப்பு ஒண்ணுகூட இல்லாத பாதம் எங்கூருல யாருக்கு இருக்குது? பெங்களூருத் தொரைதான்னு தெரிஞ்சுபோச்சு.

எந்திரி சாமி. அம்முச்சி சாணித் தண்ணி வாளியோட நிக்கறா பாரு. இன்னஞ் செத்த நேரம் இப்படியே கெடந்தீன்னா உம்மேலயும் தெளிச்சு, நெஞ்சுல ஒரு கோலமும் போட்டுருவா.

என்னது, ஒழுகுதா? ஆயிலா? நாசமாப் போச்சு போ. இரு, இரு, டிக்கியத் தொறக்காத. ஜாக்கி எதுக்கு இப்ப? ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கற அளவுக்கு ஒண்ணும் குடி முழுகிப்போகல. மொதல்ல இந்தக் கயித்துக்கட்டல்ல வந்து உக்காரு, டீத்தண்ணி வரும். அவ கோலம் போட்டு முடிச்சுப்போட்டுக் கட்டுத்தாரைக்குப் பால் கறக்கப் போகட்டும். அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் பேசி இது என்ன சீக்குன்னு கண்டுபுடிச்சுக்கலாம்.

இதுமுட்டும் நீ என்னென்ன பண்ணுன, சொல்லு. பதினோரு போட்டா எடுத்த. சரி. மூணு சேக்காளிக்கு அனுப்புன. சரி. ஒருத்தன் இஞ்சின் ஆயிலுங்கறான், ஒருத்தன் கியர் ஆயிலுங்கறான், மூணாவது பய வண்டியவே ஸ்டார்ட் பண்ணாத, கட்டி இழுத்துக்கிட்டுப் போன்னு சொல்லிப்போட்டுத் திரும்பத் தூங்கப் போயிட்டான். பொறவு பட்டறைக்கு இந்த வெடியக்காலத்துலயே போன் போட்ட. அவன் வண்டியப் பார்க்காமயே 17,500 ரூவா ஆகும்னுட்டான். நான் வாசல்ல எண்ணிப் பார்த்தேன், நாலு சொட்டு. சொட்டு ஒண்ணுக்கு நாலாயிரத்துச் சொச்சம். இந்த வெலைக்கு நம்ம கெணத்துத் தண்ணி போச்சுன்னா நானும் உன்ற மாதிரி அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு ஊரச் சுத்துவேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தச் சொட்ட வெரல்ல தொட்டுப் பார்த்தியா? மூக்குக்கிட்டக் கொண்டுபோனியா? இல்லையில்ல. மூக்க மூஞ்சியிலயே வெச்சுக்கிட்டுப் போட்டா எடுத்து அனுப்பியிருக்கற. போட்டாவுக்கு ஏது வாசம் கண்ணு? ஆயிரம் மைலுக்கு அங்கிட்டு இருக்கறவன் அத மோந்தா பார்க்க முடியும்?

நான் 1974-ல லாரியில கிளீனரா ஏறுனேன். பதினேழு வயசு. எங்க டிரைவரு வண்டிய ஓரங்கட்டுனா டீக்கடையப் பார்க்க மாட்டாரு, மொதல்ல ரோட்டப் பார்ப்பாரு. மறுநாள் எடுக்கறப்ப வண்டிய ரெண்டடி முன்னால நகத்திப்போட்டு, நின்ன எடத்த ஒரு தாட்டி பார்ப்பாரு. மொத வாரம் நான் ஓடிப்போயி, “அண்ணே, ஒழுகுது”ன்னேன். பொடனியில ஒண்ணு வுழுந்துச்சு. “ஒழுகுதுன்னு எங்கண்ணுக்கே தெரியுது. என்ன ஒழுகுது, எங்கிருந்து ஒழுகுது, எத்தனை நேரத்துக்கு எத்தனை சொட்டு, அதச் சொல்லு”ன்னாரு. அந்த அடியில படிச்ச படிப்புதான். பொறவு முப்பது வருசம் லாரியிலயும், திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியிலயும் சோறு போட்டது அதுதான். நீ நாலு வருசம் இஞ்சினீருக்குப் படிச்ச. உன்ற வாத்தியாரு ஒருத்தராவது பொடனியில அடிச்சிருக்கலாம்.

போன சித்திரையில நீ வந்தப்பவும் இதே கூத்துத்தான். “அப்புச்சி, ரேடியேட்டர் போச்சு, எடது பக்கமா ஊத்துது”ன்னு அலறுன. என்ன அது? ஏசித் தண்ணி. காத்துல இருக்கற ஈரம் ஏசியோட குளுந்த கம்பியில பட்டு வேர்த்து, ஒரு ரப்பர் குழாய் வழியா எடது பக்கத்துக் காலடிக்குக் கீழ வடியுது. வடிஞ்சா நல்லது. வடியாமப் போனாத்தான் சீக்கு. குழாயில மண்ணு அடைச்சா அந்தத் தண்ணி உள்ளயே திரும்பி, பக்கத்து சீட்டுக்காரங்க காலு நனையும். உன்ற வண்டியில பக்கத்து சீட்டுல யாரு உக்காருவாங்கன்னு ஒனக்கே தெரியும், அந்தக் குழாயப் பத்திரமாப் பார்த்துக்க.

பொகைக்குழாயில காத்தால சொட்டற தண்ணியும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி வெளிய வரும். சூட்டுல ஆவியாப் போறதால கண்ணுக்குத் தெரியறதில்ல. நான் இதச் சொன்னப்ப உங்கப்பன் சிரிச்சாரு. மாப்பிள்ளையாச்சேன்னு நானுஞ் சிரிச்சுவெச்சேன்.

கூலண்டு அப்படியில்ல. அது பச்சையோ, செவப்போ, நீலமோ, கம்பெனிக்கு ஒரு சாயம் போட்டு விக்கறான். அதனால நெறத்த நம்பாத. தொட்டா வழுவழுன்னு இருக்கும், மோந்தா பாகு காச்சுற வாசம் மாதிரி ஒரு தித்திப்பு வரும். அந்தத் தித்திப்பே வெசம். நாய் நக்குச்சுன்னா கிட்னி போயிரும். ஆசப்பட்டு நாக்குல வெச்சுப் பார்த்துறாத. எங்க காலத்துல வெறும் தண்ணிதான் ஊத்துனோம், குடிச்சுங்கூடப் பார்ப்போம். இப்ப அந்த வேலையே கூடாது.

ரேடியேட்டர் மூடிய சூட்டுல தொறக்கறவன் இருக்கறானே, அவனுக்கும் குக்கர்ல ஆவி அடங்கறதுக்கு முந்தி மூடியத் தொறக்கறவனுக்கும் ஒரே புத்தி. அந்த மூடி வெறும் மூடியில்ல கண்ணு. அதுதான் உள்ள அழுத்தத்தப் புடிச்சு வெச்சு, நூறு டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காமப் பார்த்துக்குது. தொறந்தீன்னா அத்தனையும் மூஞ்சிக்குத்தான் வரும். எங்க சேக்காளி ஒருத்தன் அப்படித்தான் மீசைய எழந்தான். பொறவு மொளைச்சது ஒரு பக்கந்தான். அதுக்கே பொண்ணுந் தந்தாங்க, அது வேற கதை.

ஒருக்கா சேலத்து ஜவ்வரிசி லோடு ஏத்திக்கிட்டு வடக்க போறோம். நாக்பூருக்கு இக்கட்டால, பொட்டக்காடு, ரேடியேட்டர்ல ஊசி மொனை ஓட்டை. டிரைவரு எறங்கிப் பார்த்தாரு, சமையல் பொட்டிய எடுத்துக்கிட்டு வாடான்னாரு. மஞ்சத்தூள் பொட்டலத்தப் பிரிச்சு உள்ள கொட்டித் தண்ணிய ஊத்துனாரு. தூளு ஊறி உப்பி ஓட்டையில போயி அடைச்சுக்கிச்சு. நாக்பூர் போயி ஈயம் வெச்சுப் பத்தவைக்கறமுட்டும் தாங்குச்சு. ராத்திரி ரசத்துக்குத்தான் மஞ்சளில்ல. இத எதுக்குச் சொல்றேன்னா, நீ போன்ல பார்த்துப்போட்டு உன்ற வண்டியில கொட்டிறாத. அன்னைக்கு ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், குழாயும் பெருசு. இன்னைக்கு அலுமினியமும் பிளாஸ்டிக்கும், குழாயெல்லாம் ஈர்க்குச்சி கணக்கா இருக்குது. மஞ்சளப் போட்டா ஓட்டையோட சேர்த்து எல்லாத்தையும் அடைச்சுப்போடும்.

தண்ணி பம்புல ஒண்ணு இருக்குது, நெம்பப் பேருக்குத் தெரியாது. பம்புக்கு அடியில கம்பெனிக்காரனே ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பான். உள்ள இருக்கற சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகாம அந்த வழியா வெளிய வரும். “எனக்கு வயசாச்சு, மாத்துங்க”ன்னு பம்பே சொல்றதுக்கு வெச்ச வாயி அது. ஒரு மேதாவி அந்த ஓட்டைய எம்-சீல் வெச்சு அடைச்சுப்போட்டு, “ரிப்பேர் பண்ணிட்டேன்”னு ஊருக்கெல்லாஞ் சொன்னான். பத்து நாள்ல பேரிங்கு போச்சு, பெல்ட்டும் போச்சு.

எல்லாத்துலயும் மோசமான ஒழுக்கு எது தெரியுமா? ஒழுகாத ஒழுக்குத்தான். கூலண்டு வாராவாரம் கொறையும், கீழ ஒரு சொட்டு இருக்காது. கேஸ்கெட் போயி உள்ளுக்குள்ளயே குடிச்சுக்கிட்டு இருக்கும். பொகை வெள்ளையா வரும், ஆயில் மூடியத் தொறந்தா உள்ளபக்கம் மோரு கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். உன்ற சின்ன மாமன் சம்பளமும் அந்த மாதிரிதான். ஒண்ணாந்தேதி வருது, பத்தாந்தேதி இல்ல, தரையில ஒரு தடயமும் இல்ல.

டீ ஆறுது, குடி. கோலம் இன்னும் முடியலையா? அவ இன்னைக்குப் பார்த்துத் தேர்க்கோலமே போடறா.

பிரேக் ஆயிலப் பத்தி மட்டும் நான் வெளையாட மாட்டேன். சக்கரத்துக்கு உள்பக்கம் டயர்ல ஈரம் கண்டாலோ, பெடல் அமுத்துனா மெதுமெதுன்னு உள்ள போனாலோ, வண்டிய வாசலத் தாண்டவே விடாத. நேத்துவரைக்கும் நின்னுச்சேங்கற பேச்சே வேண்டாம். அந்த ஆயிலு பெயிண்டத் திங்கும், காத்துல இருக்கற ஈரத்தையும் குடிக்கும். டாட் 3-ங்கற ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கும், ஈரம் குடிச்சுப்போச்சுன்னா 140-லயே கொதிக்கும்னு பட்டறையில ஒரு படிச்ச பையன் சொன்னான். நம்ம கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. மேல போறப்ப இஞ்சின் அழுகும், கீழ வர்றப்ப பிரேக் அழுகும். ஒரு தடவ வேன்ல எறங்கறேன், பாதி மலையில பெடலு தலகாணிய மிதிச்ச மாதிரி போகுது. ரெண்டாங் கியருக்குத் தள்ளி, மலைப்பக்கமா ஒரசி நிறுத்துனேன். பின்னால உக்காந்திருந்த உங்க அம்முச்சி என்னைய ஒண்ணும் திட்டல. அதுல இருந்தே தெரிஞ்சுக்க, எவ்வளவு பயந்திருப்பான்னு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அந்த ஆயில மாத்திப்போடு, சோலி தீந்தது.

இன்னொரு கூத்தக் கேளு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பொறவு, லாரிக்காரங்க டீசலோட ஒட்டுக்கா யூரியாத் தண்ணியும் ஊத்தறாங்க. நூத்துக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா. அது ஒழுகிக் காஞ்சா வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி நிக்கும். நம்ம மேக்காலத் தோட்டத்துப் பையன் புது லாரியில அதப் பார்த்துப்போட்டு என்னமோ வெடிக்கப்போகுதுன்னு ஓடியாந்தான். “நீ சோளத்துக்குப் போடறதுதான்டா, லாரிக்கும் போட்டிருக்கறாங்க”ன்னேன். லாரி வெளைஞ்சு ரெண்டாகுமான்னு கேக்கறான். கேட்டவன் பட்டதாரி.

சரி, உன்ற ஆயிலுக்கு வருவோம். “போன வாரந்தான் சர்வீஸ் விட்டேன், புது ஆயில் தேன் நெறத்துல இருக்கும், கீழ கெடக்கறதும் தேன் நெறம்”. நீ சொல்றது நாயந்தான். சர்வீஸ் விட்ட அடுத்த வாரம் ஒழுகுனா மொதச் சந்தேகம் ஆயில் சேம்பர் போல்ட்டு மேலதான் வரும். செம்பு வாசர மாத்தாமப் பழசையே போட்டு முறுக்கியிருப்பான், இல்லாட்டி ஆயில் பில்டர்ல பழைய ரப்பர் வளையம் ஒட்டியிருக்கறதப் பார்க்காமப் புதுசையும் அதுமேலயே ஏத்தியிருப்பான். மேல டேப்பட் கவர்ல கசிஞ்சாலும் வழிஞ்சு வந்து கீழதான் சொட்டும். சொட்டற எடம் வேற, பொறந்த எடம் வேற. இஞ்சினத் தொடச்சு, காய விட்டு, மேல முகத்துப் பவுடரத் தூவிப்போட்டுக் கொஞ்ச நேரம் ஓட விட்டா, பவுடர்ல கோடு எங்க ஆரம்பிக்குதோ அதுதான் ஒழுக்கு. உன்ற ஊட்டுக்காரி பவுடர் டப்பாவ எடுக்கப் போறயா? உக்காரு, உக்காரு. அவ எந்திரிச்சா இதவிடப் பெரிய ரிப்பேர் வரும்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். சொட்டு எந்தப் பக்கம் வுழுந்திருக்குது?

பின்னாடி. டிக்கிக்கு நேர் கீழ, நட்ட நடுவுல.

உன்ற வண்டிக்கு இஞ்சின் எங்க? முன்னால. கியர் பாக்ஸ்? முன்னால. ரேடியேட்டர்? அதுக்கும் முன்னால. முன்சக்கரம் இழுக்கற வண்டி, லாரி மாதிரி பின்னால கிரவுனும் கெடையாது, அதுக்கு ஊத்தற ஆயிலுங் கெடையாது. அப்ப இஞ்சின் ஆயிலு வெள்ளிக்கெழம ராத்திரி எந்திரிச்சு, வண்டிக்கடியில நடந்து போயி, டிக்கிக்குக் கீழ வந்து சொட்டுச்சாக்கும்?

காத்துல பின்னால அடிச்சிருக்குமா? ஓடற வண்டிக்கு அது சரி. எங்க லாரியில அப்படித்தான், முன்னால கசிஞ்சா பின்டயருமுட்டும் அப்பிக்கும். ஆனா இது ரெண்டு ராத்திரியா வேப்பமரத்தடியில நிக்குது, ஒரு எல அசையல. நேத்துப் பொழுதோட பார்த்தேன், வாசல் துப்புரவாக் கெடந்துச்சு. இன்னைக்கு நாலு சொட்டு. ஓடாத வண்டியில ராத்திரியோட ராத்திரியா என்ன வந்துச்சு?

பின்னால என்ன இருக்குதுன்னு பார்த்தா பெட்ரோல் டேங்கி. பெட்ரோல்னா இந்நேரத்துக்குப் பறந்திருக்கும், வாசல் பூரா நாறியிருக்கும். பின்பிரேக்குன்னா டயருக்கு உள்பக்கம் நனைஞ்சிருக்கும், நடுவுல சொட்டாது. எலி குழாயக் கடிச்சிருக்குமோன்னா, உன்ற பேனட்டுல நாந்தான் நேத்தே பொகையெலைக் காம்பு வெச்சேன். அம்முச்சி பையில இருந்து எடுத்தது. அதையுஞ் சொல்லிப்போடாத.

இன்னும் ரெண்டு சாட்சி இருக்குது, நீ கண்டுக்கல. அங்க பாரு, சொட்டச் சுத்தி எறும்பு. திண்ணையில இருந்து சாரை கட்டி வருது. எங்கண்ணு, இத்தன வருசத்துல இஞ்சின் ஆயிலுக்கு எறும்பு வந்து நான் பார்த்ததேயில்ல. ரெண்டாவது, நம்ம மணி. காத்தால இருந்து அங்கயே நின்னு நக்கிக்கிட்டு இருந்துச்சு. கூலண்டு வெசம், நாய அண்ட விடாதீன்னு இத்தன நேரம் உனக்குப் பாடம் எடுத்தவன், அத ஒரு தாட்டியாவது வெரட்டுனனா? நீ அதையாவது யோசிச்சிருக்கோணும். போன் பார்த்துக்கிட்டு இருந்த.

கட்டுத்தாரைப் பக்கம் எட்டிப் பாரு. போயிட்டாளா? சொம்பு எடுத்துக்கிட்டுத்தான போனா? சரி, இப்ப வெரலால ஒரு சொட்டு தொடு. மூக்குக்குக் கொண்டுபோ. என்ன வாசம்?

ஆமா. கடலைக்காய்.

கத்தாத, மெதுவா. உங்கம்மா போன்ல சொன்னா, பெங்களூருல வாங்கற எண்ணெயில வாசமே இல்ல, செக்குல ஆட்டி அஞ்சு லிட்டர் குடுத்து விடுங்கன்னு. உன்ற ஊட்டுக்காரி வந்த அன்னைக்கே, “தாத்தா, இந்தத் தடவ முருங்கைக்காய், பூசணிக்காய் ஒண்ணும் ஏத்தாதீங்க, கார் நாறுது”ன்னுட்டா. நான் என்ன பண்ணட்டும்? மகளுக்கும் எண்ணெய் போகோணும், அவ மருமவ கண்ணுலயும் படக்கூடாது. நேத்து ராத்திரி நீங்கல்லாம் படுத்த பொறவு, திண்ணையில நீ வெச்சிருந்த சாவிய எடுத்து, டிக்கியில பலகையத் தூக்கி, ஸ்டெப்னிக்குப் பக்கத்துல கேன வெச்சேன். முப்பது வருசம் லாரி ஓட்டுனவனுக்கு வண்டியில எங்க எத வெச்சா எவன் கண்ணுக்குந் தெரியாதுன்னு தெரியாதா? செக்போஸ்டுல நின்னு தேறுன படிப்பு அது.

எண்ணெய் வெளிய எப்படி வந்துச்சுங்கற? ஸ்டெப்னிக் குழியில தண்ணி தேங்கித் துருப்புடிக்கக் கூடாதுன்னு அடியில ஓட்டை வெச்சு ரப்பர் மூடி போட்டிருப்பான். அந்த ரப்பர் எளகியிருக்குது. கேன் சாஞ்சு, எண்ணெய் குழியில எறங்கி, ரப்பர் ஓரமா வந்து சொட்டுது. அந்த ரப்பர மட்டும் புதுசு போட்டுரு, அம்பது ரூவா ஆகுமோ என்னமோ. இல்லாட்டி மழக்காலத்துல தண்ணி கீழ இருந்து மேல ஏறும்.

அப்ப கேன் மூடி? அதுல ஒரு சின்ன சங்கதி இருக்குது. அம்முச்சி கேனக் குடுக்கறப்பவே சொன்னா, மூடிக்கு உள்ள பிளாஸ்டிக் பேப்பர் வெச்சு, மேல சணல் போட்டுக் கட்டுங்கன்னு. நான்தான், லாரி டேங்கி ஓட்டையையே சவுக்காரம் வெச்சு அடைச்சவனுக்கு ஒரு கேன் மூடி எம்மாத்தரம்னு வெறுங்கையில திருகிப்போட்டு வந்துட்டேன். இருட்டுல மரை ஏறலையாட்டம் இருக்குது.

அதுனாலதான் கண்ணு, உன்னைய டிக்கியத் தொறக்க விடாம இத்தன நேரம் உக்காத்தி வெச்சு ரேடியேட்டர்ல இருந்து யூரியா வரைக்கும் பேசுனேன். வேற ஒண்ணுமில்ல. பேசுனதெல்லாம் நெசந்தான், எழுதி வெச்சுக்க.

இப்பத் தொற. சத்தமில்லாம. பலகையத் தூக்கு. அட, பாதிதான் இருக்குது போ. செக்குக்காரன் கேட்டா அழுதுபோடுவான். அந்த ரம்பத்தூளச் சாக்கோட எடு, குழியில கொட்டு, எண்ணெய உறிஞ்சட்டும். வாசல்ல சொட்டுன எடத்துல சாம்பலப் போடு. எறும்பக் கொல்லாத, அதுக நம்மளக் காட்டிக்குடுக்கல.

யாரு கூப்புடறது? அம்முச்சியா? கட்டுத்தாரையில இருந்து என்னமோ கேக்கறா.

“ஏனுங், அந்தக் கேனு மூடிக்குப் பேப்பர் வெச்சுக் கட்டுனீங்களா? மணி வாயெல்லாம் எண்ணெயா வந்து என்ற சீலையில தொடைக்குது!”

கட்டுனேன், கட்டுனேன், நல்லா இறுக்கிக் கட்டுனேன்! கண்ணு, அந்தச் சணல எடு, சீக்கிரம்.